ஓம் சின்ரிக்கியோவும் 'போவா' என்ற கொலைக் கோட்பாடும்

ஓம் சின்ரிக்கியோ என்பது ஷோகோ அசகாரா 1984இல் ஜப்பானில் தொடங்கிய சமயக் குழு. அசகாராவின் இயற்பெயர் சிசுவோ மட்சுமோட்டோ. பார்வைக் குறைபாடு உள்ளவர். யோகப் பயிற்சி வகுப்பாகத் தொடங்கிய இக்குழு 1987இல் தற்போது அறியப்படும் பெயரைப் பெற்றது. இமயமலையில் தாம் ஞானம் அடைந்ததாக அசகாரா கூறிக்கொண்டார்.

உலகம் பேரழிவை நெருங்குகிறது, சீடர்கள் மட்டுமே தப்புவர் என்பது அவரது போதனை. துறவு பூண்டவர்கள் குடும்பத் தொடர்பை அறுத்து, சொத்து முழுவதையும் குழுவுக்கு எழுதித் தர வேண்டும். அதன்பின் வெளியேற நினைப்பவருக்குத் திரும்பிச் செல்ல வீடும் இல்லை, பணமும் இல்லை. குறைந்த உணவு, குறைந்த உறக்கம், இடைவிடாத தியானம் ஆகியவற்றால் களைத்துப்போன உடலில் தோன்றிய காட்சிகள் குருவின் அருளாகக் கருதப்பட்டன. பின்னாளில் எல்.எஸ்.டி. போதைப்பொருளும் தீட்சைச் சடங்குகளில் கொடுக்கப்பட்டது. குருவின் மூளை அலைகளைச் சீடருக்குள் செலுத்துவதாகக் கூறி, மின்முனைகள் பொருத்திய தலைக்கவசங்களையும் அணியச் செய்தனர்.

இவை அனைத்தையும்விட ஆபத்தானது 'போவா' என்ற சொல். இறக்கும் தறுவாயில் உணர்வை மேல்நிலைக்கு அனுப்பும் தியானத்தைத் திபெத்திய பௌத்தம் இப்பெயரால் குறிக்கிறது. அசகாரா அதன் பொருளைத் திரித்தார். தீவினை சேர்ப்பவரைக் கொன்றால் அவரது ஆன்மா உயர்வடையும், எனவே கொலை கருணைச் செயல் என்றார்.

1988இல் பயிற்சியின்போது ஒரு சீடர் இறந்தார். சட்டபூர்வ சமய அமைப்பாக அங்கீகாரம் பெற முயன்றுகொண்டிருந்த குழு அதை மறைத்தது. அதை அறிந்திருந்து, விலக விரும்பிய மற்றொரு சீடர் 1989 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில், பெற்றோர் சார்பில் குழுவை எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞர் சுட்சுமி சகாமோட்டோவும் மனைவியும் கைக்குழந்தையும் கொலையுண்டனர். 1990 நாடாளுமன்றத் தேர்தலில் நிறுத்திய 25 வேட்பாளர்களும் தோற்றதே குழுவை வன்முறைக்குத் திருப்பியது என்று சிலர் கூறுவர். ஆனால் கொலைகள் அதற்கு முன்பே நடந்துவிட்டன. ஒரு கொலையில் பங்கேற்றவர் அதன்பின் போவாவை நம்பாமல் இருக்க முடியாது. நம்பாவிட்டால் அவர் வெறும் கொலையாளி.

1994 ஜூனில் மட்சுமோட்டோ நகரில் சாரின் நச்சுவாயு பரப்பப்பட்டது. 1995 மார்ச் 20 காலை ஐந்து சீடர்கள் டோக்கியோ சுரங்க ரயில்களில் ஏறி, சாரின் நிரப்பிய நெகிழிப் பைகளைக் கூராக்கிய குடைமுனையால் குத்தினர். 13 பேர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. படுத்த படுக்கையாக இருந்த ஒருவர் 2020இல் இறந்தபின் 14 ஆயிற்று. ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர்.

பைகளைக் குத்தியவர்களில் இகுவோ ஹயாஷி இதய அறுவை மருத்துவர்; தோரு தோயோடா டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றவர். ரயிலில் தன் எதிரே இருந்தவர்களைப் பார்த்துத் தயங்கியும் ஹயாஷி பையைக் குத்தினார். கைதான பின் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட அவருக்கு 1998இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அசகாராவும் தோயோடா உள்ளிட்ட 12 சீடர்களும் 2018 ஜூலையில் தூக்கிலிடப்பட்டனர். குழு 2000இல் அலெப் எனப் பெயர் மாற்றிக்கொண்டு அரசின் கண்காணிப்பில் இயங்கி வருகிறது.