தலித் பேந்தர் இயக்கம்

1972 மே மாதம் பம்பாயில் தொடங்கிய இளைஞர் இயக்கம். கவிஞர் நாம்தேவ் தசால், எழுத்தாளர்கள் ஜெ. வி. பவார், ராஜா தாலே ஆகியோர் இதன் முன்னோடிகள். முதல் அமைப்பு ஐந்தாண்டுகள்கூட நீடிக்கவில்லை. ஆனால், தமிழகத்தின் விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்கு வேர் இந்த இயக்கத்தில்தான் இருக்கிறது.

இதன் பிறப்பில் ஒரு தமிழருக்குப் பங்குண்டு. அதைத் தமிழர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த எல். இளையபெருமாள் 27 வயதில், 1952 தேர்தலில் வென்று மக்களவைக்குப் போனவர். தீண்டாமையை ஆராய 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைவரானார். ஊர்க்கிணற்றில் தண்ணீர் மறுக்கப்படுவது முதல் கொலை வரை நாடெங்கும் நடந்தவற்றை அக்குழுவின் அறிக்கை அடுக்கிச் சொன்னது. 1970இல் அது நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அதில் இருந்த செய்திகள் பம்பாயின் தலித் இளைஞர்களைக் கொதிக்க வைத்தன.

அவர்களில் பலர் கல்லூரியில் காலடி வைத்த முதல் தலைமுறை. வடாலாவில் இருந்த சித்தார்த் விகார் மாணவர் விடுதி அவர்கள் கூடிப் பேசிய இடங்களில் ஒன்று. அம்பேத்கர் வழியில் 1957இல் உருவான இந்தியக் குடியரசுக் கட்சி அதற்குள் பல துண்டுகளாகியிருந்தது. அதன் தலைவர்கள் காங்கிரசுடன் பேரம் பேசிக்கொண்டிருந்ததாக இளைஞர்கள் குமுறினர். அமெரிக்காவின் ஓக்லாந்தில் 1966இல் கறுப்பின இளைஞர்கள் தொடங்கிய பிளாக் பேந்தர் கட்சியிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டனர்.

தசாலுக்கு அப்போது வயது 23. காமாட்டிபுராவை ஒட்டிய தெருக்களில் வளர்ந்தவர், டாக்சி ஓட்டியவர். அவருடைய முதல் கவிதைத் தொகுப்பான ‘கோல்பிட்டா’ அதே ஆண்டில் வெளிவந்தது. அன்று வாக்குரிமைக்கு 21 வயது, தேர்தலில் நிற்க 25 வயது. தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்ற இடத்தில் நின்ற ஓர் இளைஞர் தெருவையும் எழுத்தையும் தன் சட்டமன்றமாக்கிக்கொண்டார்.

எழுத்துதான் முதலில் வெடித்தது. சுதந்திரத்தின் வெள்ளி விழாவுக்காக ‘சாதனா’ வார இதழ் வெளியிட்ட சிறப்பிதழில் ராஜா தாலே ஒரு கட்டுரை எழுதினார். தேசியக் கொடியை அவமதித்தால் 300 ரூபாய் அபராதம், தலித் பெண்ணின் ஆடையை உரிந்தால் 50 ரூபாய்; அப்படியென்றால் அந்தக் கொடிக்கு என்ன பொருள் என்று கேட்டார். மகாராஷ்டிரமே அதிர்ந்தது. கொடியை அவர் இழித்துவிட்டதாகப் பலர் கொதித்தனர். அந்த 50 ரூபாய்க்காகக் கொதித்தவர்கள் குறைவு.

1973இல் வந்த கொள்கை அறிக்கை, தலித் என்ற சொல்லைப் பிறப்போடு நிறுத்தவில்லை. பழங்குடியினர், நிலமற்றோர், உழைப்பாளிகள், பெண்கள், சுரண்டப்படும் அனைவரும் அதில் அடங்கினர். தென்னிந்தியர்களைக் குறிவைத்து 1966இல் எழுந்த சிவசேனையும் மராத்தி இளைஞர்களைத்தான் திரட்டியது. மாதுங்காவில் கடை வைத்திருந்தவருக்கும், நெல்லையிலிருந்து வந்து தாராவித் தோல் கிடங்குகளில் உழைத்தவருக்கும் அது அச்சம் தந்த காலம். பேந்தர்களின் வரையறைப்படி தாராவித் தமிழ்த் தொழிலாளியும் அவர்களுடைய ஆள். அந்த அகலம்தான் பிற்பாடு மாநில எல்லையைத் தாண்ட உதவியது என்று சொல்லலாம்.

1974 ஜனவரியில் மத்திய பம்பாய் தெற்குத் தொகுதியில் மக்களவை இடைத்தேர்தல். சிவசேனை ஆதரவுடன் காங்கிரசின் ராம்ராவ் ஆதிக் போட்டியிட்டார். வாக்களிக்க வேண்டாம் என்று பேந்தர்கள் அறைகூவினர். ஜனவரி 5 அன்று வொர்லியில் நடந்த பொதுக்கூட்டம் கல்வீச்சிலும் தடியடியிலும் முடிந்து, பி.டி.டி. குடியிருப்புகளில் கலவரம் பரவியது. 10ஆம் தேதி ஊர்வலத்தில் மேலிருந்து வீசப்பட்ட கல் தாக்கி பாகவத் ஜாதவ் என்ற இளைஞர் உயிரிழந்தார். இடைத்தேர்தலில் ஆதிக் தோற்றார்; இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசா தேஷ்பாண்டே வென்றார். புறக்கணிப்பை அரசியல் அக்கறையின்மை என்று எண்ணுவோர் இந்த முடிவை நினைவில் கொள்ள வேண்டும்.

மார்க்சா, புத்தரா என்ற விவாதத்தில் அதே ஆண்டு தசாலும் தாலேயும் பிரிந்தனர். 1977இல் தாலேயும் பவாரும் அமைப்பைக் கலைத்தனர். அருண் காம்ப்ளே, ராம்தாஸ் அத்வாலே முதலியோர் பாரதிய தலித் பேந்தர் என்ற பெயரில் தொடர்ந்தனர். மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்டும் நெடும் போராட்டத்தில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு; பெயர் 1994இல்தான் மாறியது.

மதுரையில் வழக்கறிஞர் அ. மலைச்சாமி 1982இல் இவ்வியக்கத்தின் தமிழகக் கிளையைத் தொடங்கினார். 1989இல் அவர் மறைந்தபின், அங்கே தடய அறிவியல் துறையில் பணிபுரிந்த தொல். திருமாவளவன் 1990இல் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 27. பேந்தர் தமிழில் சிறுத்தையானது. வொர்லியைப் போலவே இங்கும் தேர்தல் புறக்கணிப்பே வழியாக இருந்தது. 1999இல் அது மாறியது. திருமாவளவன் அரசுப் பணியை விட்டு மக்களவைத் தேர்தலில் நின்றார், தோற்றார். 2009இல் சிதம்பரத்தில் வென்றார். 1957இல் இளையபெருமாளை மக்களவைக்கு அனுப்பியதும் சிதம்பரம்தான்.