மொரீஷியஸ் டூர்ல ஆழ்கடல் மீன்பிடிக்கப் போறீங்களா? அட்வான்ஸ் கட்டும் முன் இதையெல்லாம் கேளுங்க!

மொரீஷியஸுக்கு ஹனிமூன் அல்லது ஃபேமிலி பேக்கேஜில் போகிறவர்களிடம் ஹோட்டல் டெஸ்க்கில் ஒரு பட்டியலை நீட்டுவார்கள். பாராசெய்லிங், டால்பின் பார்ப்பது, தீவுச் சுற்றுலா என்று போகும் அந்தப் பட்டியலில் விலை அதிகமான வரிகளில் ஒன்று 'டீப் சீ ஃபிஷிங்'. கூடவே ஆளுயரத்துக்கும் மேலே ஒரு மார்லின் மீனைத் தொங்கவிட்டு எடுத்த போட்டோவும் இருக்கும். அந்த போட்டோவைப் பார்த்து பணம் கட்டுபவர்களில் பலர், வெயிலில் ஆறு மணி நேரம் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மீன் கிடைக்காதது யார் தப்பும் இல்லை. ஆனால் எந்த மாதம், எந்தக் கரை, எந்தப் படகு, பிடித்த மீன் யாருக்கு என்பதெல்லாம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள். முழு விவரம் இதோ.

சார்ட்டர் என்றால் என்ன?

படகு, அதை ஓட்டும் ஸ்கிப்பர், ஒன்றிரண்டு உதவியாளர்கள், டீசல், தூண்டில், ரீல், இரை எல்லாவற்றையும் சேர்த்து வாடகைக்கு எடுப்பதுதான் சார்ட்டர். வழக்கமாக விலை படகுக்குத்தான், தலைக்கு இல்லை. இரண்டு பேர் போனாலும் ஆறு பேர் போனாலும் கிட்டத்தட்ட ஒரே தொகை. அரை நாள் என்றால் ஆறு மணி நேரம் போல, முழு நாள் என்றால் எட்டு, ஒன்பது மணி நேரம்.

தனியாக எடுத்தால் கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு ஷேரிங் உண்டு. முன்பின் தெரியாத நாலு பேருடன் ஒரே படகு. செலவு குறையும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. பெரிய மீன் அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் கடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து அதை இழுக்கப்போவது யார்? கரையிலேயே சீட்டுக் குலுக்கியோ, மணிக்கணக்கில் முறை போட்டோ முடிவு செய்துவிட வேண்டும். கடலுக்குள் போய் ரீல் அலறும்போது பேசினால் சண்டைதான் வரும்.

எந்த மாதம் போகலாம்?

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் தீவு என்பதால் பருவம் நமக்குத் தலைகீழ். நம்ம ஊர் மார்கழி, தை மாதங்கள் அங்கே கோடை. நம்ம கோடை லீவு அங்கே குளிர்காலத்தின் தொடக்கம்.

போட்டோவில் பார்த்த நீல மார்லின் வேண்டும் என்றால் நவம்பர் முதல் மார்ச், ஏப்ரல் வரைதான் சீசன். தண்ணீர் சூடாக இருக்கும் மாதங்கள் இவை. வஞ்சிரத்தின் சொந்தக்காரன் என்று சொல்லத்தக்க வாஹூ மீனுக்கு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நல்ல காலம். மஞ்சள் துடுப்புச் சூரைக்கு மார்ச், ஏப்ரல், மே. ஆக, பள்ளி லீவை நம்பி மே கடைசியில் போகும் குடும்பத்துக்கு 'மார்லின் கேரண்டி' என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடலாம். சீசனிலேயே கேரண்டி கொடுக்க முடியாத மீன் அது.

இன்னொரு பக்கமும் இருக்கு. மார்லின் சீசனும் புயல் சீசனும் ஒன்றுதான். தென்மேற்கு இந்தியப் பெருங்கடலில் புயல்கள் உருவாவது பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மொரீஷியஸில் புயல் எச்சரிக்கையை வகுப்பு 1, வகுப்பு 2 என்று படிப்படியாக ஏற்றுவார்கள். புயல் வரும் என்றால் கடல் பயணத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஜனவரி, பிப்ரவரியில் போகிறவர்கள் டூரின் கடைசி நாளில் படகை புக் செய்யாமல் முதல் இரண்டு நாட்களுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. தள்ளிப்போனாலும் கையில் நாள் இருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை புயல் பயம் கிடையாது, ஆனால் தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும். அலை தூக்கிப்போடும். முதல் தடவை கடலுக்குப் போகிறவர்கள் யோசிக்க வேண்டிய மாதங்கள்.

எந்தக் கரை?

கேட்க மறக்கும் கேள்வி இது. தீவைச் சுற்றிப் பெரும்பாலான இடங்களில் பவளப்பாறை வளையம் இருக்கிறது. அதற்கு உள்ளே இருப்பது லகூன், குளம் மாதிரி அமைதியான தண்ணீர். மார்லினும் சூரையும் வளையத்துக்கு வெளியே, ஆழத்தில்தான் இருக்கின்றன.

மேற்குக் கரையில் இருக்கும் பிளாக் ரிவர், லெ மோர்ன் பகுதிகள் இந்த மீன்பிடிப்புக்குப் பேர்போனதற்குக் காரணம் கடலடியின் அமைப்பு. பவளப்பாறையைத் தாண்டியதும் கடல் சட்டென்று இறங்குகிறது. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே பல நூறு மீட்டர் ஆழம். அதனால் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் என்ற கதை அங்கே இல்லை, அரை நாள் பயணத்திலும் தூண்டில் தண்ணீரில் இருக்கும் நேரம் அதிகம். தென்கிழக்குக் காற்றை மலைகள் மறிப்பதால் அந்தப் பக்கம் கடலும் ஓரளவு அடங்கி இருக்கும். வடக்கே கிராண்ட் பே, த்ரூ ஓ பிஷ் பக்கமும் படகுகள் கிடைக்கும்.

ஆனால் உங்கள் ஹோட்டல் எங்கே என்று பாருங்கள். பேக்கேஜில் கிழக்குக் கரை பெல் மார் பக்கம் ரூம் போட்டிருந்தால், விடிகாலை ஏழு மணிப் படகுக்கு தீவின் மறுபக்கம் போக வேண்டும். டாக்ஸி செலவு தனி. பிக்கப் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்காமல் விலையை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

படகில் என்னதான் நடக்கும்?

தூண்டிலைப் போட்டுவிட்டு மரத்தடியில் காத்திருக்கும் ஏரிக்கரை ஞாபகம் இருந்தால் அதை அழித்துவிடுங்கள். இங்கே முறை ட்ரோலிங். நம்ம மீம் ட்ரோலும் இல்லை, இழுவலை போடும் ட்ராலரும் இல்லை. ஓடும் படகின் பின்னால் நாலைந்து தூண்டில்களில் பொய் இரைகளைக் கட்டி, தண்ணீரின் மேற்பரப்பில் இழுத்துக்கொண்டே போவார்கள். தப்பி ஓடும் சின்ன மீன் என்று நினைத்துப் பெரிய மீன் வந்து கவ்வும். சில ஸ்கிப்பர்கள் முதலில் சின்னச் சூரை பிடித்து, அதையே உயிர் இரையாகக் கட்டி மார்லினுக்கு விடுவார்கள். அந்த நேரத்தில் படகு மெதுவாகத்தான் போகும், டிக்கெட் காசு வீணாகிறது என்று பதற வேண்டாம்.

கடிக்கும் வரை உங்களுக்கு வேலையே இல்லை. கடித்த பிறகு மூச்சுவிட நேரமில்லை. மார்லின் என்றால் அரை மணி நேரத்திலும் முடியலாம், பல மணி நேரமும் இழுக்கலாம். பெரிய நீல மார்லின்கள் எல்லாமே பெண் மீன்கள்தான். ஆண் மீன் 160 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். நீல மார்லினில் உலக சாதனையாகப் பதிவான மீன்களில் ஒன்று 1982-ல் ஹவாய் தீவின் கோனா கரையில் பிடிபட்டது, எடை 624 கிலோ. ஒப்பிட்டால், போட்டோவில் நிற்கும் நீங்கள் அதன் துடுப்பு அளவுக்குத்தான்.

மீன் யாருக்குச் சொந்தம்?

காசு கொடுத்தது நான், இழுத்தது நான், மீனும் எனக்குத்தானே என்று நினைப்போம். மொரீஷியஸில் பல சார்ட்டர் படகுகளில் வழக்கம் வேறு. பிடிபட்ட மீன் படகுக்குச் சொந்தம். அதை விற்று வரும் பணமும் அவர்களுக்குத்தான். உங்களுக்குச் சாப்பிட ஒரு துண்டு வெட்டித் தருவார்கள், அல்லது சின்ன மீன் ஒன்று தருவார்கள். இது ஏமாற்று வேலை இல்லை, வாடகையைக் கணக்கு போடும்போதே அதையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். ஆனால் முன்னாடியே தெரியாமல் போனால் ஜெட்டியில் வந்து மனஸ்தாபம். ஹோட்டல் சமையலறையில் சமைத்துத் தரும் ஆசை இருந்தால், எத்தனை கிலோ நமக்கு என்பதை எழுத்தில், குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது வாங்கிவிடுங்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு. விற்றால் காசு என்பதால் மார்லினைத் திரும்பக் கடலில் விட எல்லா ஸ்கிப்பரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நீல மார்லினோ அழிவின் ஆபத்தை எதிர்கொள்ளும் இனம் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் சொல்கிறது. பிடித்து, அடையாளக் குறி குத்தி, உயிரோடு விட்டுவிடும் 'டேக் அண்ட் ரிலீஸ்' முறையில் நடத்தும் படகுகள் இருக்கின்றன. தேடிக் கேட்டால் கிடைக்கும். நம் பரிந்துரை, மார்லின் என்றால் அப்படிப்பட்ட படகுதான். சாப்பிட வேண்டும் என்றால் சூரையும் டொராடோவும் வாஹூவும் ருசியில் எந்தக் குறையும் வைக்காது. மார்லினைத் தராசில் தொங்கவிட்டு எடுக்கும் போட்டோவுக்குப் பதில் தண்ணீரில் துள்ளும்போது எடுத்த வீடியோ, ஸ்டேட்டஸுக்கு அதுதான் கெத்து.

லைசென்ஸ், லைஃப் ஜாக்கெட்

மொரீஷியஸில் சுற்றுலாப் படகுகளுக்கு லைசென்ஸ் கொடுப்பது அந்நாட்டின் டூரிசம் அத்தாரிட்டி. படகை ஓட்டுபவருக்கும் ஸ்கிப்பர் லைசென்ஸ் வேண்டும். பீச்சில் வந்து 'பாதி விலைக்கு கூட்டிட்டுப் போறேன் பாஸ்' என்று கேட்பவரிடம் லைசென்ஸைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், பதில் வரும் வேகத்திலேயே தெரிந்துவிடும். ரேடியோ இருக்கிறதா, எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, குழந்தை வந்தால் அதன் அளவில் இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டியவை. பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டிவிட்டால், தண்ணீரில் அது நழுவி வெளியே வந்துவிடும். டிராவல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தாலும், கடல் விளையாட்டுகளை விலக்கி வைத்திருக்கிறதா என்று பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்.

படகுக்காரர்களிடம் இங்கிலீஷ் ஓடும், பிரெஞ்சும் ஓடும். அவர்களுக்குள் பேசிக்கொள்வது கிரியோல். பெயரின் கடைசியில் பிள்ளை, சாமி என்று இருந்தாலும் தமிழில் பேசுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அங்கே ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறையே உண்டு, ஆனால் வீட்டுப் பேச்சில் தமிழ் பெரும்பாலும் இல்லை. இன்னொன்று, ஹோட்டலில் கட்டித் தரும் காலை உணவில் வாழைப்பழம் இருந்தால் ரூமிலேயே சாப்பிட்டுவிடுங்கள். படகில் வாழைப்பழம் வந்தால் மீன் வராது என்பது உலகம் முழுக்க மீன்பிடிப் படகுகளில் இருக்கும் நம்பிக்கை. நம்புகிறீர்களோ இல்லையோ, ஸ்கிப்பர் முகம் சுருங்கும்.

வாந்தி வந்தால்?

பஸ்ஸில் மலை ஏறும்போதே தலை சுற்றுகிறவர் என்றால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரை வேலை செய்ய வேண்டுமானால் படகு ஏறும் முன்பே போட்டிருக்க வேண்டும், குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். எந்த மாத்திரை, எப்போது என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. கேபினுக்குள் படுத்து போன் பார்ப்பதுதான் இருப்பதிலேயே மோசம். வெளியே நின்று, அசையாத தொடுவானத்தைப் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகள், முதுகுவலி இருப்பவர்கள், இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டர் சொல்லாமல் இந்தப் படகில் ஏறவே கூடாது. வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான் ஆர்வம் என்றால் மற்றவர்களை லகூன் பக்கம் கண்ணாடித்தரைப் படகுக்கு அனுப்பிவிடலாம்.

வானிலையால் ஸ்கிப்பர் ரத்து செய்தால் பணம் முழுசாகத் திரும்புமா, வேறு நாள் மட்டும்தானா என்பதை அட்வான்ஸுக்கு முன்பே கேட்டு வையுங்கள். நீங்களே பாதியில் திரும்பச் சொன்னால் கதை வேறு. தனிப் படகு என்றால் சொன்னதும் திருப்புவார்கள், ஆனால் பெரும்பாலும் பணம் வராது. ஷேரிங் படகில் ஒருவருக்கு முடியவில்லை என்பதற்காக மற்ற ஐந்து பேரின் காலையை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், மதியம் வரை அதே அலையில்தான் இருக்க வேண்டும்.