பொய்க் கணக்கு

என் தொடர்கதையின் பதினேழாவது அத்தியாயத்தில் கதாநாயகி ரயிலேறிக் கொண்டிருந்தாள். மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால், ரயிலையும் காணோம், கதாநாயகியையும் காணோம். அரைப் பக்கத்துக்குப் புரியாத குறிகள் வரிசையாக நின்று கொண்டிருந்தன. அதற்கு முந்திய வாரத்தில் இரண்டு தடவை யந்திரம் தானாகவே அணைந்து போயிருந்தது. பழுது பார்க்க வந்தவர், "எழுத்துருவின் கோளாறு, ஸார்!" என்று சொல்லிக் கூலியை வாங்கிக் கொண்டு போனார்.

என் தமக்கையின் மகன் அதை ஒப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை சட்டைப் பையில் ஒரு பென் டிரைவுடன் வந்து சேர்ந்தான்.

"மாமா, இன்று ராத்திரி இதற்குப் பரீட்சை. காலை வரையில் நீங்கள் இதைத் தொடக்கூடாது" என்றான்.

வழக்கமாகக் கம்ப்யூட்டரை முடுக்கினால், அதன் உள்ளே இருக்கும் வட்டிலிருந்துதான் அது உயிர் பெறும். அவனோ பென் டிரைவிலிருந்தே அதைக் கண் விழிக்கச் செய்தான். அதற்குள் லினக்ஸ் முழுவதும் அடங்கியிருந்தது. ஏன் இந்தச் சுற்று வழி என்று கேட்டேன். இரண்டு காரணங்கள் சொன்னான். கணக்குத் தப்பும் யந்திரம், சோதனையின் நடுவே மற்ற அத்தியாயங்களையும் கெடுத்து எழுதிவிடக்கூடும். ஆகவே வட்டைத் தீண்டவே கூடாது. இரண்டாவது, வேறோர் அமைப்பில் ஓடும்போதும் தவறு நேர்ந்தால், பழைய அமைப்பின்மேல் பழி போட முடியாது. சந்தேகத்துக்குரிய இருவரில் ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு மற்றவரை விசாரிப்பது போலத்தான்.

அவன் ஓடவிட்ட சோதனை, ப்ரைம்95 என்ற புரோகிராமின் லினக்ஸ் வடிவம். பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது அது. பகா எண்ணுக்கும் என் கதாநாயகிக்கும் என்ன சம்பந்தம்? அதை அறிய வேண்டுமானால், ஏறக்குறைய முந்நூற்றெண்பது ஆண்டுகள் பின்னால் போகவேண்டும்.

பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் மாரேன் மெர்சென் என்ற பாதிரியார் இருந்தார். இரண்டை இரண்டால் பலமுறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண்களில் அவருக்கு அலாதி மோகம். ஏழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 127. அது பகா எண். பதினோரு இரண்டுகளுக்கு 2047; அது 23-ம் 89-ம் பெருகிய தொகை. இப்படி 257 இரண்டுகள் வரையில் எவையெவை பகா எண்கள் என்று 1644-ல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் ஐந்து தவறுகள் இருந்தன. அவற்றில் ஒன்றான 67-ஐ எடுத்துக் கொண்டு, அந்த எண்ணை இரு காரணிகளாகப் பிரித்து 1903-ல் காட்டினார் அமெரிக்கரான கோல். அந்தக் காரணிகள் வெளிப்பட 250 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆனால் மெர்சென் மனிதர்; மனிதர் கணக்கில் தவறுவது உலக வழக்கம். யந்திரம் தவறுமா?

தவறியது. 1994-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்து லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழ் பின்னங்களைக் கூட்டிக் கொண்டிருந்தார். யாருக்கும் காலணா லாபமில்லாத காரியம். ஆனால் அவர் ஒரே கணக்கை வெவ்வேறு யந்திரங்களில் போட்டு ஒப்பிடும் வழக்கம் உள்ளவர். புதிதாக வாங்கிய பென்டியம் யந்திரத்தின் விடை மட்டும் ஒத்து வரவில்லை. தம்முடைய புரோகிராமைச் சந்தேகித்தார். மற்ற உறுப்புகளைச் சந்தேகித்தார். நான்கு மாதம் ஒவ்வொன்றாக விலக்கிக் கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியது பிராஸஸர் ஒன்றுதான்.

4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 என்று வரவேண்டும். பென்டியம் 1.33373 என்றது. வகுத்தலுக்காகச் சில்லுக்குள் பதித்த அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டுப் போனதே காரணம். சாதாரண மனிதருக்கு 27,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் இந்தத் தவறு எதிர்ப்படும் என்று இன்டெல் கம்பெனி சமாதானம் சொன்னது. ஜனங்கள் கேட்கவில்லை. டிசம்பர் 20-ந் தேதி, கேட்டவர்க்கெல்லாம் மாற்றித் தருவதாக அறிவித்தது. செலவுக் கணக்கு 47 கோடியே 50 லட்சம் டாலர்.

1996-ல் ஜார்ஜ் வோல்ட்மன் என்பவர் பாதிரியாரின் எண்களைத் தேட ஊரார் கம்ப்யூட்டர்களை ஒன்று சேர்த்தார். இதில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப லட்சக்கணக்கான முறை வர்க்கமாக்க வேண்டும்; இடையில் ஒரு முறை பிசகினாலும் அத்தனை உழைப்பும் பாழ். ஆகவே யந்திரம் யோக்கியமானதா என்று பார்க்க, விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து ஒப்பிடும் சோதனையையும் புரோகிராமில் சேர்த்தார். பிராஸஸரின் எந்தப் பகுதியையும் சும்மா இருக்க விடாமல் கொதிக்கக் கொதிக்க வேலை வாங்கும் சோதனை அது. பகா எண்ணில் ஆசையில்லாதவர்களும் பொன்னைப் புடம் போடுவதுபோல் யந்திரத்தைப் புடம் போட அதைப் பயன்படுத்தலானார்கள். 2016 ஜனவரியில், இன்டெல்லின் ஆறாம் தலைமுறைப் பிராஸஸர்கள் சில கடினமான கணக்குகளில் உறைந்து போவதை அம்பலப்படுத்தியதும் இதே ப்ரைம்95-தான்.

என் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு விசிறியின் ஓலம் கேட்டு எழுந்து போனேன். திரையில் ஒரு வரி நின்றது. பின்னம் 0.4-க்குள் இருக்க வேண்டிய இடத்தில் 0.5 வந்துவிட்டதாம், யந்திரத்தில் கோளாறாம். காலையில் மருமகன் பெட்டியைத் திறந்தான். விசிறியில் பஞ்சு மெத்தை போல் தூசி. பிராஸஸரின் வெப்பத்தைக் கடத்தவேண்டிய பசை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. துடைத்து, புதுப் பசை பூசி, மறுபடியும் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடவிட்டான். ஒரு கணக்கும் தப்பவில்லை.

பதினேழாவது அத்தியாயத்தை மறுபடியும் எழுதினேன். அணைந்து போகிற யந்திரத்தைப் பற்றி எனக்கு இப்போது பயமில்லை. அது தன் நோயைத் தானே சொல்லிவிடுகிறது. ஓடிக் கொண்டே பொய் சொல்லும் யந்திரம்தான் பொல்லாதது. அதைக் கண்டுபிடித்தவர், லாபமில்லாத கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்க்கும் பொறுமை படைத்த ஒரு வாத்தியார். அவரை எண்ணி, எழுதிய அத்தியாயத்தை அனுப்புமுன் நானும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். கதாநாயகி பத்திரமாக ரயிலேறிவிட்டாள். ஆனால் முதல் பக்கத்தில் அவள் கையிலிருந்த பெட்டியை நான்தான் பிளாட்பாரத்திலேயே மறந்து வைத்திருந்தேன்.