தார் ரோட்டுக்கும் தோட்டத்து சேற்றுக்கும் ஒரே டயரா? ஜீப் ஓனர்களே உஷார்!

கோவை:

செங்கப்பள்ளி-நீலாம்பூர் 6 வழிச்சாலையில் 'சர்'ரென்று பறக்கும் ஜீப், மறுநாள் காலை பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு சேற்றில் இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடும்பத்தோடு வால்பாறை மலை ஏறுகிறது. கொங்கு மண்டலத்தில் ஜீப், பொலிரோ, ஜிப்சி வைத்திருக்கும் பலருக்கு இதுதான் பிழைப்பு.

3 விதமான ரோட்டுக்கும் ஒரே செட் டயர்தான். அதனால் டயர் கடையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "ஏனுங்க, பார்க்க முரட்டுத்தனமா ஒண்ணு போட்டு விடுங்க" என்று கேட்டு வாங்கும் டயர், மழை நாளில் ஹைவேயில் உயிருக்கே உலை வைத்துவிடும்.

மொத்தம் 3 வகை

எச்.டி. என்பது ரோட்டு டயர். சத்தம் வராது, மைலேஜ் கொடுக்கும், ஈரத் தாரில் பிரேக் நன்றாக பிடிக்கும். ஆனால் சேற்றில் இறங்கினால் காடி அடைத்து, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

எம்.டி. என்பது சேற்று டயர். பட்டன் பெரிசு பெரிசாக, இடைவெளி விட்டு இருக்கும். சேற்றை வாரி எறிந்துவிட்டு வண்டி முன்னேறும். ஆனால் தார் ரோட்டில் படும் ரப்பர் குறைவு. மழையில் பிரேக் அடித்தால் வண்டி தள்ளிப்போய்தான் நிற்கும். 'கொய்ங்' சத்தம், டீசல் செலவு, சீக்கிர தேய்மானம் எல்லாம் கூடவே வரும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஏ.டி. டயர். ரோட்டிலும் ஓடும், மண்ணிலும் ஓடும். இரண்டிலும் 'நம்பர் 1' கிடையாது.

எதை வாங்குவது?

10 நாளில் 8 நாள் வண்டி எங்கே ஓடுகிறது என்று முதலில் கணக்கு போடுங்கள். ஹைவே, டவுன், எப்போதாவது தோட்டத்து மண் ரோடு என்றால் எச்.டி. போதும். பாதிக்கு பாதி மண் ரோடு, செம்மண், சரளைக்கல் என்றால் ஏ.டி.தான் சரி. உடுமலை, பல்லடம் பக்கம் கரிசல் காட்டுக்குள் மழைக்காலத்தில் தினமும் போக வேண்டியவர்களுக்கு மட்டும் எம்.டி. தேவைப்படும். அவர்களும் ஹைவேக்கு வந்தால் வேகத்தை குறைத்தே ஆக வேண்டும்.

டயரிலேயே ஜாதகம்

டயரின் பக்கவாட்டில் '215/75 ஆர்15 100எஸ்' என்பது போல இருக்கும். 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. 15 என்பது ரிம் அங்குலம். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 'எஸ்' என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை தாங்கும். தேங்காய் மூட்டை ஏற்றுபவர்கள் இந்த எடை எண்ணை கம்பெனி சொன்னதைவிட குறைக்கவே கூடாது.

'டி.ஓ.டி.' எழுத்துகளோடு வரும் கடைசி 4 எண்கள் வயதை சொல்லும். 3524 என்றால் 2024-ம் ஆண்டின் 35-வது வாரம் தயாரானது. தோட்டத்து வண்டி அதிகம் ஓடாது, பட்டன் புதுசு போலவே இருக்கும். ஆனால் வெயிலில் நின்றே ரப்பர் வெடித்திருக்கும். 5 வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் செக் பண்ணுங்கள். 10 வருஷம் ஆகிவிட்டால் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

'கெத்து'க்காக பெரிய சைஸ் மாட்டினால் ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிட குறைவாக காட்டும், பிரேக்கும் சிரமப்படும். 4 வீல் டிரைவ் வண்டியில் 4 டயரும் ஒரே சைஸ், ஒரே தேய்மானம் இருப்பது முக்கியம். இல்லையென்றால் கியர் பாக்ஸ் பக்கம் செலவு வைக்கும்.

காத்துதான் எமன்

சேற்றில் பிடிமானம் கிடைக்க காற்றை இறக்கி ஓட்டுவது பழக்கம். தப்பில்லை. ஆனால் அதே குறைந்த காற்றோடு ஹைவேயில் ஏறுவதுதான் ஆபத்து. டயர் மடிந்து மடிந்து சூடேறி, வேகத்தில் வெடித்துவிடும். டிரைவர் பக்க கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, டயர் சூடாகும் முன் காற்று பிடிக்க வேண்டும். சேற்றுக்கு போகிறவர்கள் வண்டியிலேயே சின்ன காற்று பம்ப் வைத்துக்கொள்வது நல்லது.

மலையில் மழை

ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். திம்பத்தில் 27. தென்மேற்கு பருவமழை நேரத்தில் வால்பாறை ரோடு எப்போதும் ஈரம்தான். இங்கே காப்பாற்றுவது முரட்டு பட்டன் அல்ல, ஆழமான காடியும் 2-வது கியரும்தான். காருக்கும் ஜீப்புக்கும் காடி ஆழம் 1.6 மி.மீ.க்கு கீழே போனால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. மழைக்கு 3 மி.மீ. இருக்கும்போதே மாற்றிவிடுவது உத்தமம். 2 டயர் மட்டும் மாற்றினால், புதுசு பின்பக்கம் போக வேண்டும்.

இன்னொரு விஷயம். நல்ல டயர் இருக்கிறது என்று ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பக காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை இறக்கினால், 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி வழக்கு பாயும்.

கிளம்பும் முன் ஸ்டெப்னியையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் காற்றே இல்லாமல் தொங்கிக்கொண்டிருப்பது அதுதான்!