சுண்ணாம்பு தடவாத கலயம்

அரியலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சங்கத் தமிழில் 'அரியல்' என்றால் கள். அரித்தெடுத்தது, அதாவது வடிகட்டியது. ஊர்ப்பெயருக்கு 'அரி இல் ஊர்', திருமால் குடியிருக்கும் ஊர் என்றுதான் வழக்கமாக விளக்கம் சொல்வார்கள். அதோடு மல்லுக்கட்ட நான் வரவில்லை. பெரம்பலூரில் வளர்ந்து, ரயில் வேண்டுமென்றால் அரியலூருக்குத்தான் போகவேண்டும் என்று பழகியவனுக்கு, இந்தச் சொல் ஒற்றுமை ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டது. இத்தனை பழைய பெயருள்ள ஒரு பானம், தான் விளையும் மண்ணிலேயே குற்றமாக மாறியது எப்படி?

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு செய்முறை வருகிறது. அரிசிக் கூழைக் கிளறி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளையை இடித்த மாவைக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். முளைகட்டிய தானியத்தை வெள்ளைக்காரர்கள் மால்ட் என்பார்கள். ஆக இது பியர்தான், நெல்லில் செய்த பியர். 'அரியல்' என்ற சொல் அந்த வரிகளிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் கிராமத்து பப் வாசலில் படம் வரைந்த பலகை தொங்கும். பட்டினப்பாலையின் காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் இடத்தில் கொடி பறந்தது. 'இங்கே கிடைக்கும்' என்று ஊரறியச் சொல்வதில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை.

நெல்லுக் கள் மறைந்து மரத்துக் கள் நின்றது. அதன் நுட்பம் எளிமையானது. பனையிலோ தென்னையிலோ பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார்கள். சொட்டும் சாறு தித்திப்பு. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை உடனே தின்னத் தொடங்கும். மரத்திலிருந்து இறக்கும்போதே நுரை கட்டியிருக்கும். சில மணி நேரத்தில் ஏறத்தாழ 4 முதல் 6 சதவீதம் ஆல்கஹால், மறுநாள் புளிப்பு, அதற்கப்புறம் காடி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிட்டால் ஈஸ்ட் வேலை செய்யாது, கிடைப்பது பதநீர். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு. சிமென்ட் ஆலைகளுக்காக மலை மலையாகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் அரியலூரில், பனையேறிக்குச் சட்டத்தின் எல்லைக்கோடும் சுண்ணாம்புதான்.

கள் ஒரு நாளுக்குள் கெட்டுவிடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. சேமிக்க முடியாததைப் பதுக்க முடியாது, தூரம் கொண்டுபோகவும் முடியாது. இறக்கிய இடத்திலேயே விற்று, அங்கேயே குடிக்க வேண்டும். கள்ளுக்கடை ஊருக்கு ஊர் இருந்தது அதனால்தான். ஒரு கீற்றுக் கொட்டகை, பானைகள், ஓலைப் பட்டை, தொட்டுக்கொள்ளக் கருவாடோ சுண்டலோ. முதலாளி ஒருவன் உட்கார்ந்த இடத்திலிருந்து நூறு ஊருக்கு அனுப்பும் சரக்கு அல்ல அது.

வரி போடுகிறவனுக்கு இப்படிப்பட்ட பொருள் தலைவலி. பிரிட்டிஷ் அரசு 1886-இல் சென்னை ஆப்காரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சீவும் மரத்துக்கு வரி, விற்கும் கடைக்கு ஏலம். அதிகம் ஏலம் கேட்டவன் போட்ட பணத்தை எடுக்க அதிகம் விற்றாக வேண்டும். ஊர்க் கொட்டகை அரசின் வசூல் மையமானது இப்படித்தான்.

ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் கள்ளுக்கடை மறியல் ஏன் பற்றி எரிந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடையை மறித்தால் கஜானாவில் கை வைத்ததாகும். 1921-இல் காங்கிரஸில் இருந்த பெரியார் தன் தோப்பின் 500-க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிப்போட்டார். ஈரோட்டு மறியலில் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் நின்றார்கள். (பிற்காலத்தில் அதே பெரியார் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்தார் என்பது தனிக்கதை.) 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இன்று ஹோட்டல் பில்லில் ஜிஎஸ்டி வரியைப் பார்த்து முகம் சுளிக்கிறோமே, அதன் பாட்டன்களில் ஒன்று மூடிய கள்ளுக்கடையில் பிறந்தது. 1948-இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் வந்தது.

இனி 1971. அந்த ஆண்டு மார்ச்சில், விடுமுறைக்கு அயர்லாந்து போன நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அவர்கள் நாட்டுப் பெரிய ஆலைகள் பியரை வடிகட்டி, சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று, வாயு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தன. அது மாதக்கணக்கில் கெடாது, எங்கும் ஒரே ருசி. பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், திறந்த சில நாளில் தீர்த்தாக வேண்டிய பழைய ஏல் அழிந்துகொண்டிருந்தது. 'ரியல் ஏல்' வேண்டும் என்று அவர்கள் எழுப்பிய குரல்தான் காம்ரா. கிராமத்து பப்களில் உள்ளூர் ஏல் இன்றும் கிடைப்பதில் அந்த இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஏலை நொதிக்க வைப்பதும் கள்ளில் பெரும்பான்மையாக இருப்பதும் ஒரே இனம்: சாக்கரோமைசிஸ் செரிவிசியே.

அதே 1971 ஆகஸ்ட்டில் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1973-இல் கள்ளுக்கடைகளையும், 1974-இல் சாராயக் கடைகளையும் மூடியது. 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு இரண்டையும் திறந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 1987-இல் கள்ளும் சாராயமும் மறுபடி தடை. பாட்டில் சரக்குக்குத் தடையில்லை. 2003-இல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. உயிருள்ள பானத்தை அங்கே குடிப்பவர்கள் காப்பாற்றினார்கள். இங்கே அதை மட்டும் குறிபார்த்துச் சட்டம் கொன்றது. கெடாத சரக்கை எண்ணலாம், அடுக்கலாம், கணக்கில் ஏற்றலாம். கள்ளுக்கு ஸ்டாக் ரெஜிஸ்டர் கிடையாது.

இதையெல்லாம் ஒருநாள் அப்பாயியிடம் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாக்கை இடித்தபடியே கேட்டுவிட்டு, "ஒனக்கு அது சரித்திரம்டா. எனக்கு ஒங்க தாத்தன் கூலி. கடய மூடுன அன்னிக்கி எவளும் அழுவல" என்றாள். 6 சதவீதம்தான் என்று அவளிடம் நான் சொல்ல முடியுமா? கூலி முழுக்கக் கொட்டகையில் கரைந்தால், அது எத்தனை சதவீதமாக இருந்தால் என்ன? கள்ளுக்கடையை நினைத்து ஏங்கி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் அப்பாயி சொன்னதை ஏற்றால், அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். கூலி கரைவது நின்றதா? 42.8 சதவீதச் சரக்குக்கு அரசே பில் போடுகிறது. அதற்கும் காசில்லாதவன் எங்கே போனான்? 2024 ஜூனில், பெரம்பலூருக்கு வடக்கே பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கூலியோடு கூலிக்காரனும் போனான்.

கள்ளைத் தடுக்க அரசுத் தரப்பு சொல்லும் காரணம் கலப்படம். பொய்யில்லை. கள் சட்டப்படி விற்கும் கேரளத்தில், பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து வண்டியேறிப் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. மரத்துக்கும் குடிப்பவனுக்கும் இடையில் தூரம் கூடும்போதுதான் கலப்படத்துக்கு இடம் வருகிறது. திரும்பவும் திறப்பதாக இருந்தால் முதல் விதி இதுவாக இருக்கட்டும்: ஊரில் இறக்கியது ஊரிலேயே விற்க வேண்டும், ஏலம் கூடாது, கடை எங்கே, எத்தனை மணிவரை என்பதைக் கிராமசபையில் பெண்கள் முடிவு செய்ய வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் கேட்பதை அப்பாயி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அதுவரை பனை நம் மாநில மரம். பதநீர் ஆரோக்கிய பானம். கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டவன் மட்டும் குற்றவாளி.