மெரினா மரப்பாதையும் மாற்றுத்திறனாளிகளின் சுற்றுலா உரிமையும்

அணுகத்தக்க சுற்றுலா என்பது, உடல்நிலை எதுவாயினும் எல்லோரும் ஓரிடத்துக்குச் சென்று கண்டு மகிழ வழிசெய்வதாகும். 2006 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை, தன் 30ஆம் பிரிவில் சுற்றுலாவையும் சேர்த்தது. இந்தியா 2007 அக்டோபரில் அதற்கு ஒப்புதல் அளித்தது. அதற்கேற்ப, 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2016இல் புதிய உரிமைகள் சட்டம் வந்தது.

சட்டம் வந்த பின்னும் சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி மணலில் புதைந்தது. அலைகளைத் தூரத்திலிருந்தே பார்க்க வேண்டியிருந்தது. நெடுநாள் கோரிக்கைக்குப் பின், 2022 நவம்பர் 27 அன்று விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட மரப்பாதை திறக்கப்பட்டது. செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது, பின்னர் சீரமைக்கப்பட்டது. பாதை அமைப்பதோடு பணி முடிவதில்லை, பராமரிப்பும் வேண்டும் என்பதை இது காட்டியது.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஏரியூர் மக்களுக்கு அருகிலுள்ள பெரிய சுற்றுலாத் தலம் ஒகேனக்கல். அங்கே பரிசலில் ஏற, நீர்விளிம்பு வரை இறங்கி, பரிசலின் விளிம்பைத் தாண்டி, அதன் அடித்தட்டில் அமர வேண்டும். இத்தகைய இடத்தில் சாய்தளம் மட்டும் போதாது. பிடிமானக் கம்பி, அகன்ற வாயிலுள்ள கழிப்பறை, ஏற்றி இறக்கப் பயிற்சி பெற்ற பரிசல் ஓட்டிகள் ஆகிய மூன்றும் தேவை.