தேர்தல் நெறியும் பொறுப்பு மாற்றமும்: ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் சங்கம் - ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழகத்தில் தேர்தல் வரலாற்றைப் பேசப் புகுவோர் உத்திரமேரூர்க் கல்வெட்டிலிருந்து தொடங்குவது மரபு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட அவ்விரு கல்வெட்டுகளும் குடவோலை முறையைக் கூறுகின்றன. அவற்றுள் வாக்கெடுப்பு முறையைக் காட்டிலும் கருதத்தக்கவை இரண்டு செய்திகள். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படக்கூடாது என்பது ஒன்று. அண்மை மூன்றாண்டுகளில் பொறுப்பு வகித்தவர் விலகி நிற்கவேண்டும் என்பது மற்றொன்று. பொறுப்பை ஏற்கும் முறைக்கு நிகராக அதனை விட்டு நீங்கும் முறையும் வரையறுக்கப்பட்டிருந்தது என்பது இவற்றால் புலனாகிறது.

பொறுப்பு ஆண்டுதோறும் கைமாறும் அமைப்புகளில் இச்சிக்கல் கூர்மை பெறுகிறது. மாணவர் அமைப்புகளில் தலைவர் மட்டுமன்றி வாக்காளரும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் மாறிவிடுகின்றனர். அத்தகைய சூழலில் ஒரு தேர்தல் நெறி எவ்வாறு நிலைபெறுகிறது, எவ்வாறு குலைகிறது என்பதை, முதுகலை மற்றும் ஆய்வு மாணவரைப் பெரும்பான்மையாகக் கொண்ட தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக (ஜே.என்.யூ.) மாணவர் சங்கத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாணவரே நடத்தும் தேர்தல்

1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவாக்கப்பட்டு 1969இல் செயற்படத் தொடங்கிய இப்பல்கலைக்கழகத்தில், மாணவர் சங்கத்திற்கான அமைப்பு விதிகளை 1970களின் தொடக்கத்தில் மாணவர்களே வகுத்துக்கொண்டனர். அவ்விதிகளின் தனித்தன்மை, தேர்தலை நடத்தும் அதிகாரத்தைப் பல்கலைக்கழக நிருவாகத்திடம் விடாமல் மாணவர்களிடமே வைத்ததாகும். ஒவ்வொரு புலத்திலும் கூடும் பொதுக்குழுக் கூட்டங்களின் வாயிலாகத் தேர்தல் ஆணையத்திற்கு உறுப்பினர் தெரிவுசெய்யப்படுகின்றனர். அவர்களுள் ஒருவர் தலைமைத் தேர்தல் ஆணையராகிறார். ஆணையத்தில் இருப்போர் போட்டியிடுவதில்லை. எத்தரப்புக்கும் வாக்குக் கேட்பதுமில்லை.

தலைவர், துணைத்தலைவர், பொதுச்செயலாளர், இணைச்செயலாளர் ஆகிய நால்வரையும் மாணவர் அனைவரும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். புல உறுப்பினர்களை அந்தந்தப் புலத்து மாணவர் தேர்ந்தெடுக்கின்றனர். வாக்குச்சீட்டு முறையே பின்பற்றப்படுகிறது. வாக்குப்பதிவுக்கு முன் நடைபெறும் தலைவர் வேட்பாளர் விவாதம் இத்தேர்தலின் மையம் எனலாம். வேட்பாளர் உரையாற்றுவதோடு அமையாது, ஒருவரையொருவர் வினவுவதும், கூட்டத்தினரின் வினாக்களுக்கு விடையளிப்பதும் அதன் பகுதிகளாகும். நள்ளிரவைக் கடந்தும் நீளும் அவ்விவாதத்தை நெறிப்படுத்துவதும் ஆணையத்தின் கடமையே.

இங்கு ஒப்புநோக்கத்தக்கது தில்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தல். பல கல்லூரிகளில் பரவிக் கிடக்கும் வாக்காளரைக் கொண்ட அத்தேர்தலைப் பல்கலைக்கழகம் அமர்த்தும் அலுவலரே நடத்துகின்றனர். 2024 செப்டம்பர் 27இல் வாக்குப்பதிவு முடிந்தும், பரப்புரையின்போது பொது இடங்களின் சுவர்கள் பாழாக்கப்பட்டமை காரணமாகத் தில்லி உயர் நீதிமன்றம் வாக்கு எண்ணிக்கையைத் தடுத்து வைத்தது. முடிவுகள் நவம்பர் 25இல்தான் வெளியாயின. ஒரே நகரின் இரு பல்கலைக்கழகங்களில் தேர்தல் நடத்துவோர் வேறுபடுவதோடு, தேர்தலின் இயல்பும் வேறுபடுவதை இது காட்டுகிறது.

நெருக்கடிக் காலச் சோதனை

இந்நெறி எதிர்கொண்ட முதற்பெருஞ்சோதனை 1975ஆம் ஆண்டு நெருக்கடிநிலை. தேர்ந்தெடுக்கப்பட்ட புல உறுப்பினர் ஒருவர் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டதை எதிர்த்து மாணவர் வேலைநிறுத்தம் செய்த 1975 செப்டம்பர் 25 அன்று, காவல்துறையினர் பிரபீர் புர்காயஸ்தா என்னும் மாணவரை வளாகத்திலிருந்து பிடித்துச் சென்றனர். சங்கத் தலைவரான தேவி பிரசாத் திரிபாடி எனக் கருதியே அவரைப் பிடித்தனர் என்பது பலராலும் பதிவுசெய்யப்பட்ட செய்தி. திரிபாடியும் பின்னர்ச் சிறைப்பட்டார்.

நெருக்கடிநிலை நீங்கியபின் 1977-78 காலப்பகுதியில் சீதாராம் யெச்சூரி மும்முறை தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பல்கலைக்கழக வேந்தர் பொறுப்பிலிருந்து இந்திரா காந்தி விலகவேண்டும் என்னும் கோரிக்கை மனுவை 1977இல் அவர்முன்னரே யெச்சூரி படித்தார். அதன்பின் இந்திரா காந்தி அப்பொறுப்பைத் துறந்தார். இந்நிகழ்ச்சி பெரிதும் பேசப்படுகிறது. எனினும், ஓராண்டு எல்லைக்குள் மும்முறை வாக்காளரிடம் சென்று ஒப்புதல் பெற்றமையே தேர்தல் வரலாற்று நோக்கில் கூடுதல் கவனத்திற்குரியது.

லிங்டோ குழுவும் நான்காண்டு வெற்றிடமும்

கேரளப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின்படி, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. மாணவர் தேர்தல்களில் பணமும் வன்முறையும் மிகுந்துவிட்டன என்பதே அதன் பின்னணி. 2006 மே மாதம் அளிக்கப்பட்ட அறிக்கையின் பரிந்துரைகளை அதே ஆண்டு செப்டம்பர் 22இல் நீதிமன்றம் நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. வேட்பாளர் ஒருவர் ரூ.5,000க்கு மேல் செலவிடலாகாது, அச்சிட்ட சுவரொட்டி கூடாது, 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும், ஆய்வு மாணவர் 28 வயதிற்கு மேல் போட்டியிடலாகாது, நிருவாகிப் பொறுப்பிற்கு ஒருமுறையே போட்டியிடலாம், கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரங்களுக்குள் தேர்தல் நடத்தவேண்டும், குறைதீர் குழு ஒன்று அமைக்கவேண்டும் என்பன அவற்றுள் முதன்மையானவை.

இவற்றுள் செலவுக் கட்டுப்பாடும் கையால் வரைந்த சுவரொட்டியும் ஜே.என்.யூ.விற்குப் புதியன அல்ல. சிறிய, ஒரே வளாகத்தில் அமைந்த பல்கலைக்கழகங்களுக்கு நேரடித் தேர்தல் ஏற்றது எனக் கூறுமிடத்தில் லிங்டோ குழு இப்பல்கலைக்கழகத்தையே எடுத்துக்காட்டியது. முன்மாதிரியாகச் சுட்டப்பட்ட அத்தேர்தலே, பரிந்துரைகளுக்கு இணங்கவில்லை என்னும் காரணத்தால் 2008 அக்டோபர் 24இல் உச்ச நீதிமன்றத்தால் தடைசெய்யப்பட்டது ஒரு முரண்.

முரண்பாட்டின் வேர் வயது வரம்பிலும் போட்டியிடும் வாய்ப்பின் எண்ணிக்கையிலும் இருந்தது. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருவோர்க்குச் சேர்க்கையில் கூடுதல் மதிப்பெண் வழங்கிய பல்கலைக்கழகம் அது. வறுமையாலும் வேலையாலும் படிப்பு இடைமுறிந்து, காலந்தாழ்ந்து ஆய்வுக்கு வருவோர் அங்குப் பலர். 28 என்னும் எல்லை அவர்களையே முதலில் வெளியேற்றும் என்பது மாணவர் தரப்பின் வாதம்.

இவ்வாதத்தோடு மற்றொன்றையும் சேர்த்து எண்ணவேண்டும். முதுகலை மாணவர் இரண்டாண்டுகளில் வெளியேறிவிடுகின்றனர். ஆணையம் எவ்வாறு அமைக்கப்பட்டது, விவாதம் எவ்வாறு நெறிப்படுத்தப்பட்டது, பிணக்கு எவ்வாறு தீர்க்கப்பட்டது என்னும் நினைவைச் சுமப்போர் ஐந்தாண்டும் அதற்கு மேலும் வளாகத்தில் வாழும் ஆய்வு மாணவரே. ஆணையம் தேர்தலுக்குத் தேர்தல் புதிதாக அமைவது. அதற்கு நிலையான அலுவலர் இல்லை. ஆகவே வயது வரம்பு, தலைமையிலிருந்து விலக்குவது அமைப்பின் நினைவைச் சுமப்போரையே எனலாம்.

2011 டிசம்பரில் நீதிமன்றம் ஆய்வு மாணவர்க்கான வயது வரம்பை 30ஆக உயர்த்தியது உள்ளிட்ட சில தளர்வுகளை அளித்தது. 2012 மார்ச் 1இல் தேர்தல் நடைபெற்றது. சுசேதா டே தலைவரானார். 2009இல் முதுகலையில் சேர்ந்து 2011இல் முடித்தவர் ஒருமுறையேனும் வாக்களிக்காமலே வெளியேறியிருந்தார். கல்வியாண்டு நாட்காட்டிக்குத் திரும்புதற்பொருட்டு அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் தேர்தல் நிகழ்ந்து, வி. லெனின் குமார் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நான்காண்டு இடைவெளியை ஈடுசெய்யும் சுமையை, அரையாண்டே பணியாற்றிய ஒரு சங்கம் ஏற்கவேண்டியதாயிற்று.

தலைவரில்லா நாட்களும் இரண்டாம் இடைவெளியும்

2016 பிப்ரவரி 12இல் அந்நாளைய தலைவர் கன்னையா குமார் தேசத்துரோகக் குற்றச்சாட்டின்கீழ்க் கைதுசெய்யப்பட்டார். மார்ச் மாதத் தொடக்கத்தில் இடைக்காலப் பிணையில் வெளிவரும்வரை, துணைத்தலைவர் ஷெஹ்லா ரஷீத் முன்னின்று சங்கத்தை இயக்கினார். நால்வரும் தனித்தனியே, நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டமையால் அவருக்கும் வாக்காளர் அளித்த தகுதி இருந்தது. தலைவர் ஒருவரது இன்மையை அமைப்பு தாங்கியதற்கு இதுவே காரணம்.

ஆனால் தேர்தலே இல்லாத நிலையை அமைப்பு அவ்வாறு தாங்கவில்லை. 2019 செப்டம்பர் 6இல் நடந்த தேர்தலின் முடிவுகளை வெளியிடத் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பர் 17இல் தடை நீங்கியபின் ஆயிஷி கோஷ் தலைவராக அறிவிக்கப்பட்டார். எனினும் லிங்டோ பரிந்துரைகள் முழுமையாகப் பின்பற்றப்படவில்லை எனக் கூறி நிருவாகம் அச்சங்கத்தை முறைப்படி அறிவிக்கவில்லை. வாக்காளர் ஏற்றுக்கொண்ட சங்கம் ஒன்று, நிருவாகத்தின் ஏட்டில் இடம்பெறாமல் இயங்கும் நிலை உருவாயிற்று. அதனைத் தொடர்ந்து வந்த பெருந்தொற்றால் தேர்தல் தடைப்பட்டது; 2024 மார்ச் 22 வரை வாக்குப்பதிவு நடைபெறவில்லை.

அத்தேர்தலில் ஏறத்தாழ 73 விழுக்காட்டினர் வாக்களித்தனர். வாக்குரிமைக்காகக் காத்திருந்தோரின் ஆர்வம் இதனால் விளங்கும். தனஞ்சய் தலைவரானார். 1996இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டி லால் பைரவாவிற்குப் பின் அப்பொறுப்பிற்கு வந்த முதல் தலித் மாணவர் அவர். அதே தேர்தலில், பொதுச்செயலாளர் பதவிக்கான இடதுசாரிக் கூட்டணி வேட்பாளர் ஸ்வாதி சிங்கின் வேட்புமனு, வாக்குப்பதிவுக்குச் சில மணி நேரமே இருந்த நிலையில் ரத்துசெய்யப்பட்டது. கூட்டணியினர் பாப்சா அமைப்பின் பிரியான்ஷி ஆர்யாவை ஆதரிக்க, அவர் வெற்றிபெற்றார். முறையீட்டிற்கும் தீர்ப்பிற்கும் வாக்குப்பதிவிற்கும் இடையே போதிய கால எல்லை வகுக்கப்படாமை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இது சான்று.

2025இல் இரு தேர்தல்கள் நடந்தன. ஏப்ரல் மாதத்தில் வேட்புமனுக் கட்டத்தில் நேர்ந்த வன்முறையால் ஆணையம் பணியை நிறுத்தி வைத்துப் பின்னர்த் தொடர்ந்தது. ஏப்ரல் 25 வாக்குப்பதிவில் நிதீஷ் குமாரும், நவம்பர் 4 வாக்குப்பதிவில் அதிதி மிஸ்ராவும் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2012இல் கண்ட அதே குறுகிய பதவிக்காலம் 2025இலும் மீண்டமை கருதத்தக்கது. இடைவெளி ஒவ்வொன்றும், தேர்தல் மீண்டும் தொடங்கிய பின்னரும், தன் கடனை அடுத்து வரும் சங்கத்தின் கணக்கில் ஏற்றிவிடுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, தேர்தலை யார் நடத்துவது என்பது நடைமுறைச் சிக்கல் மட்டுமன்று. அமைப்பின் உரிமை பற்றிய வினாவுமாகும். இரண்டாவது, இச்சங்கம் கைது, நெருக்கடிநிலை ஆகியவற்றைக் கடந்து தொடர்ந்துள்ளது. அதனைப் பெரிதும் தளர்த்தியவை தேர்தலற்ற ஆண்டுகளே. மூன்றாவது, நினைவை ஆய்வு மாணவரின் வாய்மொழியில் மட்டும் விட்டுவைக்கும் தேர்தல் நெறி எளிதில் குலையக்கூடியது.

உத்திரமேரூர்ச் சபையின் வாய்ப்பு நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கே உரியது; அரசன் ஆணையின்வழி அவனது அலுவலர் உடனிருக்கவே விதிகள் இயற்றப்பட்டன. ஆகவே அதனை இன்றைய மக்களாட்சியோடு சமன்செய்தல் பொருந்தாது. எனினும் 919இல் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 921இல் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டதையும், விதிகள் கல்லில் வெட்டப்பட்டதையும் மறத்தற்கில்லை. இயங்கிப் பார்த்துத் திருத்துதலும், திருத்தியதை அடுத்து வருவோர் காணுமாறு பொறித்து வைத்தலும் அதன் வலிமை. ஜே.என்.யூ. மாணவர்க்கு முதலாவது வாய்த்திருந்தது. இரண்டாவதாகிய பதிவு, ஒவ்வொரு சங்கமும் ஒவ்வொரு ஆணையமும் விலகும்போது எழுதி ஒப்படைக்கவேண்டிய கணக்காகும். அது நிறைவேறுமாயின், அடுத்ததோர் இடைவெளி நேரினும் பின்வருவோர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டிய நிலை எழாது.